எலி மருந்தும் பூனையும் ஒரே களத்துல ஆகாது: தோட்டத்துப் பூனையையும் குட்டிகளையும் காப்பாத்துறது எப்படி?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் தை பிறந்தால் களம் நிறையும். சோளம், கம்பு, மக்காச்சோளம், உளுந்து, மல்லி என மானாவாரி வெள்ளாமை வீடு வந்து சேரும். கூடவே எலியும் வரும். எலி வந்தால் அதன் பின்னாடியே பாம்பும் வரும்.

இதுக்குத்தான் தோட்டத்து வீடு, மாட்டுத் தொழு, மோட்டார் ரூம் பக்கம் ரெண்டு பூனை சுத்தட்டும் என்று விட்டுவைப்பார்கள். இதை யாரும் வாங்குவதில்லை. பெயர் வைப்பதும் குறைவு. வரும், போகும், ஒருநாள் குட்டி போடும், இன்னொரு நாள் காணாமல் போகும். "பூனைதானே, எங்கயாவது போயிருக்கும்" என்று அதோடு விட்டுவிடுவார்கள்.

ஆனால் காணாமல் போன பூனைகள் எல்லாமே வேறு ஊருக்குப் போய்விடுவதில்லை. நாம் வைத்த மருந்து, மூடாத கிணறு, பார்க்காமல் எடுத்த டிராக்டர் என நம்ம கையில் இருக்கும் விஷயங்களே அதன் உயிரை எடுக்கலாம். இவற்றை எப்படித் தடுப்பது? பார்க்கலாம்.

சுருக்கமா 6 விஷயங்கள்

* பூனை இருக்கும் இடத்தில் எலி விஷம் வைக்கக் கூடாது.
* திறந்த கிணறு, கைவிட்ட போர்வெல், தண்ணீர்த் தொட்டி மூன்றையும் பாதுகாப்பாக வைக்க வேண்டும்.
* கருக்கல் நேரத்தில் சோறு வைத்து, ராத்திரி பத்திரமான இடத்தில் அடைக்க வேண்டும்.
* மனிதர் சாப்பிடும் மாத்திரை, மாட்டு உண்ணி மருந்து எதையும் பூனைக்குத் தரக் கூடாது.
* 3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும்.
* 5 மாதத்துக்குள் கருத்தடை ஆபரேஷன் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும்.

பூனை எதுக்கு? எலி மருந்தே போதாதா?

பூனையும் விவசாயமும் பழைய கூட்டாளிகள். சைப்ரஸ் தீவில் மனிதனுக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்ட பூனை எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. அதன் வயது சுமார் 9,500 ஆண்டுகள். மனிதன் தானியத்தைச் சேமித்தான், எலி வந்தது, எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. அப்படித்தான் இந்தப் பழக்கம் ஆரம்பித்தது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம்.

அதுக்காக, பூனை இருந்தால் எலியே இருக்காது என்று நினைக்கவும் கூடாது. இங்கிலாந்தின் சூழலியல் அறிஞர் சார்லஸ் எல்ட்டன் பண்ணைப் பூனைகளைப் பற்றி 1953-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதில் அவர் சொன்னது இதுதான்: ஏற்கெனவே எலி பெருகிக் கிடக்கும் பண்ணையைப் பூனையால் மட்டும் சுத்தம் செய்ய முடியாது. ஆனால் எலியை முதலில் ஒழித்துவிட்டுப் பூனைகளை வைத்தால், கட்டடங்களுக்குள் எலி திரும்ப வராமல் அவை தடுக்கும். அந்தப் பூனைகளைப் பண்ணையிலேயே இருக்க வைக்க, தினமும் தீனியும் வைக்க வேண்டும்.

"பூனைக்குச் சோறு போட்டா எலி பிடிக்காது" என்ற நம்பிக்கை நம்ம ஊரிலும் உண்டு. அது சரியில்லை. பூனை பசிக்காக மட்டும் வேட்டையாடுவதில்லை. வயிறு நிறைந்த பூனையும் எலியைத் துரத்தும். பட்டினி போட்ட பூனைதான் தோட்டத்தை விட்டு வெளியேறி ரோட்டுக்கும் அடுத்த காட்டுக்கும் போகும்.

சுண்டெலி, வயல் எலி, எலிக்குஞ்சுகளைப் பூனை நன்றாகவே பிடிக்கும். நன்கு வளர்ந்த பெருச்சாளியிடம் பல பூனைகள் மோதாது.

எலி மருந்து பூனையை எப்படிக் கொல்லுது?

மருந்தைப் பூனை நேரடியாகச் சாப்பிட வேண்டும் என்பதில்லை. மருந்து தின்ற எலி தள்ளாடும், ஓட முடியாது. பூனைக்கு அதைவிட லேசான இரை வேறு இல்லை. எலியின் வயிற்றில் இருக்கும் விஷம் அப்படியே பூனைக்குப் போய்ச் சேரும்.

கிராமங்களில் புழங்கும் மருந்துகளில் முக்கியமானவை:

ஜிங்க் பாஸ்பைடு: கறுப்புத் தூள். பொரியிலோ கருவாட்டிலோ கலந்து வைப்பார்கள். வயிற்றில் உள்ள அமிலம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயு உண்டாகும். வாந்தி, மூச்சுத்திணறல், வலிப்பு என்று சில மணி நேரத்திலேயே நிலைமை மோசமாகலாம். இதுக்குத் தனியாக மாற்று மருந்து கிடையாது. பூனை எடுக்கும் வாந்தியிலிருந்தும் அந்த வாயு வரும். அதனால் மூடிய ரூமுக்குள் வைத்துப் பார்க்கக் கூடாது, வெளிக்காத்தில் வைக்க வேண்டும்.

புரோமடியலோன்: கட்டியாக, கேக் மாதிரி வரும். ரத்தம் உறையும் தன்மையைத் தடுக்கும். சாப்பிட்ட எலி உடனே சாகாது. சில நாள் உயிரோடு திரியும். அதைத் தின்ற பூனையும் முதல் ரெண்டு நாள் நல்லாத்தான் இருக்கும். 3 முதல் 5 நாளில் சோர்வு, ஈறு வெளுத்துப்போவது, மூக்கில் அல்லது மலத்தில் ரத்தம் எனத் தெரியவரும். இதுக்கு மாற்று மருந்து உண்டு, வைட்டமின் கே1. ஆனால் டாக்டர் மேற்பார்வையில் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும்.

மஞ்சள் பாஸ்பரஸ் பசை: மனித உயிர்களையும் நிறையக் குடித்தது. கல்லீரலைத் தாக்கும். தமிழ்நாடு அரசு இதுக்குத் தடை விதித்துள்ளது. பழைய டியூப் எதுவும் வீட்டில் கிடந்தால் புழங்க வேண்டாம். பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது.

இன்னொன்று, தானிய மூட்டைக்குப் பூச்சி வராமல் இருக்க வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. இதிலிருந்து வருவதும் அதே பாஸ்பீன் வாயுதான். மாத்திரை வைத்து மூடிய ரூமுக்குள் பூனை மாட்டினால் பிழைப்பது கஷ்டம். அந்த ரூமை ஒட்டி மனிதர் படுப்பதும் ஆபத்து.

அப்போ எலியை என்ன செய்யுறது?

விஷம் இல்லாமல் எலியைக் குறைக்க வழி இருக்கு. ஒரே வழி போதாது, எல்லாத்தையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

1. மூட்டைகளைத் தரையில் அடுக்காமல், பலகை போட்டு, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி அடுக்குங்கள். சுவரோரம் பூனை நடக்க வழி இருந்தால் எலிக்கு ஒளிய இடம் இருக்காது.
2. விதை, தீவனத்தைத் தகர டிரம்மில் மூடி வையுங்கள்.
3. வரப்பைச் சின்னதாக வைத்து, எலி வளைகளை உழவுக்கு முன்பே வெட்டி அழியுங்கள்.
4. வயலில் T வடிவக் குச்சி நட்டால் ராத்திரி ஆந்தை வந்து உட்காரும். எலி பிடிப்பதில் ஆந்தை பெரிய கை.
5. எலிப்பொறி, தஞ்சாவூர் கிட்டி போன்றவற்றை வளை வாயில் வைக்கலாம். பூனை நடக்கும் பாதையில் திறந்தபடி வைத்தால் அதன் காலே மாட்டும். துளை போட்ட பெட்டிக்குள் பொறியை வைப்பது நல்லது.

அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எலிக் கட்டுப்பாடு பற்றி விவசாயிகள் அங்கே நேரில் கேட்கலாம்.

பக்கத்துத் தோட்டக்காரர் மருந்து வைத்தால்? பூனைக்கு வரப்பு தெரியாது. அதனால் "என்னைக்கு வைக்கிறீங்க அண்ணே?" என்று முன்கூட்டியே கேட்டுவைத்து, அன்று முதல் ஒரு வாரமாவது பூனையை அடைத்து வையுங்கள். செத்த எலிகளைக் கையுறை போட்டு எடுத்து ஆழமாகப் புதைக்கச் சொல்லுங்கள்.

பூனை மருந்து சாப்பிட்டுட்டா உடனே என்ன செய்யணும்?

* உப்புத் தண்ணி, புளித் தண்ணி, எண்ணெய், பால் எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். மயக்கத்தில் இருக்கும் பூனைக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும்.
* மருந்து பாக்கெட், டியூப் எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான சிகிச்சை தர முடியும்.
* காத்து போகும் அட்டைப்பெட்டியிலோ கூடையிலோ வைத்து அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.
* நடமாடும் கால்நடை மருத்துவ சேவைக்கான எண் 1962. ஆடு, மாடுகளை மனதில் வைத்து நடத்தப்படும் சேவை இது. இருந்தாலும் அவசரத்தில் ஆலோசனை கேட்க முயற்சி செய்யலாம்.
* பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம்.

கிணறு, படப்பு, டிராக்டர்: கண்ணுக்குத் தெரியாத 5 ஆபத்துகள்

திறந்த கிணறு: சுற்றுச்சுவர் இல்லாத பாசனக் கிணறுகள் கரிசல் காட்டில் இன்னும் இருக்கின்றன. விளையாடும் குட்டி, தண்ணீர் தேடும் பூனை உள்ளே விழும். மேலே கம்பி வலை போடலாம். முடியாவிட்டால் சாக்குச் சுற்றிய தடிமனான கயிற்றையோ சொரசொரப்பான மரத்தையோ தண்ணீர் வரை தொங்கவிடுங்கள். விழுந்த பூனை நகத்தால் பற்றி ஏற அது உதவும். தொட்டிக்கும் ஒரு கல் படி வையுங்கள். கைவிட்ட போர்வெல்லுக்கு மூடி கட்டாயம், அது பிள்ளைகளின் உயிர் விஷயமும்கூட. பூனை உள்ளே மாட்டிக்கொண்டால் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடலாம். நீங்களே கயிறு கட்டி இறங்க வேண்டாம்.

படப்பு: வைக்கோல், சோளத்தட்டைப் படப்புதான் தாய்ப்பூனைக்குப் பிடித்த பிரசவ வார்டு. கதகதப்பு, மறைவு ரெண்டும் கிடைக்கும். படப்பு பிரிக்கும்போது கவைக்கம்பை நேராகக் குத்தாமல், மேலிருந்து கையால் எடுங்கள். பாம்பு இருக்க வாய்ப்பு உள்ளதால் முதலில் கம்பால் தட்டிப் பாருங்கள்.

விறகுக் குவியல்: சீமைக்கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போடுவது இந்தப் பகுதியில் வழக்கம். நாள்கணக்கில் அடுக்கிக் கிடக்கும் விறகுக்குள் குட்டி இருக்கலாம். தீ வைக்கும் முன் சுற்றிப் பார்த்து, தட்டி, சத்தம் கொடுங்கள். காய்ந்த தட்டை, முள் குவியலைக் கொளுத்தும்போதும் இதேதான்.

டிராக்டர், கார்: ஓடி நின்ற வண்டியின் இன்ஜின் சூட்டில் பூனை படுத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் டயர் நிழலில் தூங்கும். எடுக்கும் முன் பானட்டை ரெண்டு தட்டு தட்டி, ஹாரன் அடித்து, அடியில் குனிந்து பாருங்கள்.

மின்சாரம்: மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டியை மூடி வையுங்கள், வெட்டுப்பட்ட ஒயரை மாற்றுங்கள். காட்டுப்பன்றிக்காகத் திருட்டுத்தனமாக மின்வேலி போடுவது சட்டப்படி குற்றம். அதில் பூனை, நாய் மட்டுமில்லை, மனிதரும் சாகிறார்கள்.

நாய், கடுவன், பாம்பு: ராத்திரிதான் ரிஸ்க்

கூட்டமாகத் திரியும் நாய்கள்தான் பெரிய பூனைக்கு முதல் எதிரி. குட்டிக்குக் கூடுதல் எதிரிகள் உண்டு. பகலில் காக்கா, பருந்து, கீரி. ராத்திரியில் ஆந்தை, நரி. வெளியிலிருந்து வரும் கடுவன் பூனையும் குட்டிகளைக் கொல்லும்.

இதுக்கு எளிய வழி, ராத்திரி அடைப்பது. தினமும் கருக்கல் நேரத்தில் ஒரே இடத்தில், ஒரே சத்தம் கொடுத்து சோறு வைத்தால் சில நாளில் பூனை பழகிவிடும். தின்றதும் கதவைச் சாத்துங்கள். அந்த இடத்தில் காற்றோட்டமும், மண் நிரப்பிய ஒரு தட்டும், உயரத்தில் ஒரு பலகையும் இருந்தால் போதும். நாய் துரத்தினால் பகலில் ஏறி ஒளிய அதே பலகை உதவும்.

நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் நான்கின் கடியும் பூனைக்கு ஆபத்து. "பூனையைப் பாம்பு விஷம் ஒண்ணும் பண்ணாது" என்பது தவறான நம்பிக்கை. முகமோ காலோ திடீரென வீங்கினால், பின்னங்கால் தள்ளாடினால், கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். உடனே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

சோறு, தண்ணி: என்ன வைக்கலாம்?

பால் சோறு மட்டும் போட்டால் பூனைக்குப் போதாது. பூனை மாமிசம் தின்றே ஆக வேண்டிய பிராணி. மாமிசத்தில் இருக்கும் டாரின் என்ற சத்து குறைந்தால் கண்பார்வையும் இதயமும் பாதிக்கப்படும். வேகவைத்த மீன், கோழிக் கழிவு, முட்டை ஆகியவற்றைச் சோற்றோடு பிசைந்து தரலாம். வெங்காயம், பூண்டு சேர்த்த குழம்பு வேண்டாம், அது பூனையின் ரத்த அணுக்களைக் கெடுக்கும். வேகவைத்த எலும்பும் வேண்டாம்.

அக்னி நட்சத்திர வெயிலில் தகரக் கொட்டகைக்குள் இருப்பது அடுப்புக்குள் இருப்பது மாதிரி. நிழலில் ரெண்டு மூன்று இடத்தில் மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்குவது சாதாரணம். பூனை அப்படிச் செய்தால் உடம்பு சூடு எல்லை மீறுகிறது என்று அர்த்தம். உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, ஈரத் துணியால் துடைத்து, காத்துப்பட வைக்க வேண்டும்.

பூச்சி மருந்து அடித்த டப்பாவில் தண்ணீர் வைப்பது, உர மூட்டைச் சாக்கில் படுக்கை போடுவது ரெண்டும் கூடாது. பூனை தன் ரோமத்தை நக்கியே சுத்தம் செய்யும். உடம்பில் ஒட்டியது எல்லாம் வயிற்றுக்குப் போகும்.

குட்டிகளைப் பார்த்தா உடனே தூக்கலாமா?

வேண்டாம். தாய் இரை தேடப் போயிருக்கலாம், இடம் மாற்றும் நடுவிலும் இருக்கலாம். நாய், தீ, தண்ணீர் என்று உடனடி ஆபத்து இல்லாவிட்டால், சில மணி நேரம் தூரத்தில் இருந்து கவனியுங்கள்.

* 7 முதல் 14 நாளில் கண் திறக்கும்.
* சுமார் 4 வாரத்தில் மசித்த உணவை நக்க ஆரம்பிக்கும்.
* 8 வாரம் வரை தாயோடு இருக்க விடுவது நல்லது.

தாய் வரவே இல்லை என்று உறுதியானால் முதலில் குட்டியின் உடம்பைச் சூடாக்க வேண்டும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். குளிர்ந்து கிடக்கும் குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்காது. பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். குட்டிகளுக்கான பால் பவுடரை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். மனிதக் குழந்தை மாதிரி மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்ட வேண்டாம், குப்புற இருக்கும்போதுதான் கொடுக்க வேண்டும்.

ஒரு சுவாரசியத் தகவல்: எந்த விலங்கின் இளசை எப்படிச் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியத்தின் மரபியல் பட்டியல் போடுகிறது. அதில் 'குட்டி' என்ற பெயர் எலிக்கும் உண்டு, வெருகு என்னும் காட்டுப்பூனைக்கும் உண்டு.

நாம போடுற மாத்திரையே எமன்

காய்ச்சல், தலைவலிக்கு நாம் போடும் பாராசிட்டமால் பூனைக்குக் கொடிய விஷம். ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதைச் செரித்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு இல்லை. "பாதி கொடுத்தா ஒண்ணும் ஆகாது" என்ற கணக்கே கிடையாது.

அடுத்தது மாட்டு உண்ணி மருந்து. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் வகை மருந்துகளை மாட்டுக்கு அடித்துவிட்டு, மிச்சத்தைப் பூனைக்கும் தடவும் பழக்கம் இருக்கிறது. நாய்க்கும் மாட்டுக்கும் ஒத்துக்கொள்வது பூனைக்கு நடுக்கம், வலிப்பு, மரணம் வரை கொண்டுபோகும். மண்ணெண்ணெய், கற்பூரம், வேப்பெண்ணெய் தடவுவதும் வேண்டாம். பூனைக்கு என்றே தனி உண்ணி மருந்து உண்டு.

ரெண்டு பூனை எப்படி இருபது ஆகுது?

பெண் பூனை 4, 5 மாதத்திலேயே சினை பிடிக்கலாம். சினைக்காலம் சுமார் 63 முதல் 65 நாள். ஒரு ஈத்துக்கு 3 முதல் 5 குட்டி. குட்டிக்குப் பால் கொடுக்கும்போதே அடுத்த சினையும் பிடிக்கும். வருஷத்துக்கு ரெண்டு மூன்று ஈத்து சாதாரணம்.

அப்புறம்தான் அந்தக் கொடுமை நடக்கும். குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கண்மாய்க் கரையிலோ சந்தையிலோ விட்டுவருவது. தாயில்லாத குட்டி அங்கே பிழைப்பது கஷ்டம். இங்கே தாய் அடுத்த ஈத்துக்குத் தயாராகும். கணக்கு திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

கருத்தடை ஆபரேஷன்தான் இதுக்கு முடிவு. ஆண், பெண் ரெண்டுக்கும் செய்யலாம். "ஒரு ஈத்தாவது போட்டாத்தான் உடம்புக்கு நல்லது" என்பதில் மருத்துவ உண்மை இல்லை. ஆபரேஷன் செய்த பூனையும் எலி பிடிக்கும். கடுவன் ஊர் சுத்துவதும் சண்டை போடுவதும் குறையும். காயம் குறையும், தோட்டத்திலேயே தங்கும். ஒரு தோட்டத்துக்கு ரெண்டு மூன்று பூனை போதும். அதுக்கு மேல் போனால் காட்டில் இருக்கும் சிறு பறவை, அணில், ஓணானுக்கும் கஷ்டம்.

தடுப்பூசி: பூனை கடித்தாலும் வெறிநோய் வரும்

நாய்க்கு மட்டும்தான் வெறிநோய் என்று நினைக்க வேண்டாம். வெறிநாய் கடித்த பூனைக்கும் வரும், அதன் கடி, பிறாண்டல் மூலம் மனிதருக்கும் வரும். 3 மாதத்தில் முதல் ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் பூஸ்டர், அதன்பின் ஆண்டுக்கு ஒன்று. குட்டிகளைக் கூட்டமாகக் கொல்லும் பேன்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய்க்கும் தடுப்பூசி உண்டு. அதை 8 வார வயதில் ஆரம்பிக்கலாம். குடற்புழு மருந்தும் அவசியம்.

பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ:

* சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள்.
* சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், காபித்தூள் எதுவும் வைக்க வேண்டாம்.
* அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் போட வேண்டும். ஒன்றைக்கூட விடக் கூடாது.

ஆடு வளர்ப்போர், கர்ப்பிணிகள் கவனத்துக்கு

பூனை மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வரலாம். முதல்முறை தொற்றும் இளம்பூனைகளிடமிருந்துதான் இது அதிகம் வெளியேறும். தீவனத்தில் கலந்தால் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் கருச்சிதைவு ஏற்படலாம். கர்ப்பிணிகளுக்கும் சிசுவுக்குப் பாதிப்பு வரலாம்.

பூனையை விரட்டிவிடத் தேவையில்லை. தீவனத்தை மூடி வையுங்கள். பூனைக்கென மணல் இடம் ஒதுக்கி, தினமும் அள்ளிப் புதையுங்கள். அந்த வேலையைக் கர்ப்பிணிகள் செய்ய வேண்டாம். தோட்ட வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். புதுப்புதுக் குட்டிகள் பிறப்பது குறைந்தால் இந்த ஆபத்தும் குறையும்.

சட்டம் என்ன சொல்லுது?

விலங்கை விஷம் வைத்தோ வேறு வகையிலோ கொல்வதும் ஊனமாக்குவதும் பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவின்படி குற்றம். 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது ரெண்டும் கிடைக்கலாம். வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் வருகிறது. நாய்க்கோ பன்றிக்கோ என்று கறியில் குருணை மருந்து கலந்து வைத்து, அதை மயில் தின்று செத்தால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் பாயும்.

புதுசா பூனை கொண்டுவரப் போறீங்களா?

கொண்டுவந்த அன்றே திறந்து விட்டால் பழைய இடத்தைத் தேடி ஓடிவிடும். வழியில் ரோடும் நாயும் இருக்கும். 2 முதல் 4 வாரம் ஒரு ரூமில் வைத்து, அங்கேயே சோறு, தண்ணி, மண் தட்டு கொடுங்கள். உங்கள் குரலும் அந்த இடத்து வாசமும் பழகிய பிறகு, சோறு வைக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் கதவைத் திறந்து விடுங்கள். பசிக்குத் திரும்பி வரும்.

அதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய முதல் வேலை ஒன்று உண்டு. தொழு, மோட்டார் ரூம், மூட்டை ரூம் முழுக்கத் தேடி, பழைய எலி மருந்து ஏதாவது கிடந்தால் அப்புறப்படுத்திவிட்டு, அதன்பிறகு பூனையைக் கொண்டுவாருங்கள்.